அத்தையின் கையெழுத்து

புதுக்கோட்டையிலிருந்து அத்தை போன் பண்ணினாள். ‘‘ஏண்டா, நான் போட்ட கையெழுத்து மேல யாருடா மசியைக் கொட்டினது?’’

அத்தை தொண்ணூறுகளில் அறிவொளி இயக்க வகுப்பில் கையெழுத்துப் போடக் கற்றவள். அதுவரை கைநாட்டு. போன வாரம் ஒரு கடன் மனுவுக்காக மொபைல் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். நகலில் அந்த இடத்தில் வெறும் கறுப்புக் கட்டம். ‘கையெழுத்து இல்லை’ என்று மனு திரும்பிவிட்டது. அந்த ஆப்பில் அந்தப் பகுதியை எழுதியது அடியேன்தான்!

நடந்தது இதுதான். படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். நான்காவது, ‘ஆல்ஃபா’. அது 0 என்றால் கண்ணாடி. 255 என்றால் சுவர். விரல் படாத இடமெல்லாம் நான்குமே பூஜ்யம். திரையின் பின்னணி வெள்ளை என்பதால் பார்க்கும்போது ஒழுங்காகத்தான் தெரிந்தது. பி.என்.ஜி.யாகச் சேமித்திருந்தால் தப்பித்திருப்பேன். இடம் மிச்சம் பிடிக்க ஜேபெக் ஆக்கினேன். ஜேபெக்குக்கு ஆல்ஃபா கிடையாது. அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது மூன்று பூஜ்யம். அதாவது, கறுப்பு. கறுப்பு மேல் கறுப்புக் கையெழுத்து!

வைத்தியம் சுலபம். ஆண்ட்ராய்டில் அதே அளவில் ஒரு புது பிட்மேப், அதற்கு ஒரு கேன்வாஸ். முதலில் முழுக்க வெள்ளை அடிக்கணும். அதன்மேல் கையெழுத்தை வரையணும். அப்புறம்தான் ஜேபெக். ஒரு படத்தின் மேல் இன்னொன்றை வைக்கும் இந்தக் கணக்கை தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் 1984-லேயே எழுதிவைத்துவிட்டார்கள். ஆண்ட்ராய்டில் ‘போர்ட்டர்டஃப்’ என்று அவர்கள் பெயரிலேயே ஒரு கிளாஸ் உண்டு. வரிசை மாறினால் போச்சு. கோலம் போட்டுவிட்டு வாசல் தெளித்த கதைதான்.

நாலே நாலு வரி. சேர்த்துவிட்டேன். ஆனால், ஏற்கெனவே கறுப்பாகிப் போன கையெழுத்துகளை எந்த வெள்ளையும் மீட்காது. எல்லோரும் மறுபடி போடணும்.

அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

‘‘எங்களுக்கு மொதல்ல சிலேட்டுதாண்டா குடுத்தாங்க. கறுப்புல எழுதணும்னா வெள்ளைப் பலப்பம் வேணும்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நீ எஞ்சினீயரிங் படிச்சியே!’’