ஸ்பீதிக்கு இருமுறை

பெரியதாக இருப்பதெல்லாம் சிறந்ததாகவும் இருக்கும் என்று எண்ணுவது மனித இயல்பு போலும். வீடு பெரிதாக வேண்டும். வாகனம் பெரிதாக வேண்டும். பிரயாணம் போகும்போது பெட்டியும் பெரிதாக வேண்டும். நாமும் இதற்கு விலக்கானவரல்லர். இமயமலையின் நடுவே கிடக்கும் ஸ்பீதிப் பள்ளத்தாக்கிற்கு மோட்டார் சைக்கிளிற் செல்வதென்று 2022ஆம் ஆண்டில் தீர்மானித்தபோது, மலை பெரிது, ஆகவே வண்டியும் பெரிதாக இருத்தல் வேண்டும் என்று கணக்குப் போட்டோம். அக்கணக்கு எங்கே பிழைத்தது, ஈராண்டுகளின் பின் அதனை எவ்வாறு திருத்திக்கொண்டோம் என்பதையே இங்கு சொல்லப் புகுகின்றோம்.

ஸ்பீதி, இந்தியாவின் இமாசலப் பிரதேசத்திலே திபெத்து எல்லையை அடுத்து இருக்கின்றது. பருவமழை மேகங்களைப் பீர் பஞ்சால் மலைத்தொடர் பெரும்பாலும் தடுத்துவிடுவதால் அங்கே பசுமை அரிது. குளிர்ப் பாலைவனம் என்பர். தலைமை ஊராகிய காஜா கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,650 மீற்றர் உயரத்தில் உள்ளது. நமது பீதுருதாலகாலையின் சிகரமே 2,524 மீற்றர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் உயரம் விளங்கும்.

மனாலியிலிருந்து காஜா ஏறத்தாழ 200 கிலோமீற்றர். 2020இல் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை ஒன்பது கிலோமீற்றர் தூரம் மலையை ஊடுருவிச் சென்று, ரோதாங் கணவாயைக் கடக்கும் சிரமத்தைப் போக்கிவிட்டது. அதன்பின் கோக்சர், அப்பால் கிராம்பு என்றே நம் காதில் விழும் ஒரு சிற்றிடம். நல்ல பாதை அவ்விடத்தில் முடிகின்றது. அடுத்து வரும் ஊரின் பெயர் சத்ரூ. அப்பெயர் பகைவனை நினைவூட்டியபோது சிரித்தோம். சிறிது நேரத்தில் அச்சிரிப்பு அடங்கியது. அங்கிருந்து பாதல் என்னும் இடம் வரையும், சந்திரா நதிக்கரையில், உருண்டைக் கற்களும் சேறும் பாதையின் குறுக்கே பாயும் ஓடைகளுமே வழி.

முதன்முறை, யூலை மாதத்தில், மைத்துனரும் நாமும் டில்லியில் ஒரு பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டோம். நூற்றுக்கு மேற்பட்ட குதிரைவலு உடையது. எரிபொருள் நிரம்பிய நிலையில் அதன் எடை சுமார் 250 கிலோ. மனாலி வரையுள்ள நெடுஞ்சாலையில் அது சென்ற அழகை என்னென்போம்! காற்று முகத்தில் மோதாமற் கண்ணாடி தடுத்தது. ஆசனம் சாய்மனைக்கதிரை போலச் சுகமளித்தது. தேநீர் குடிக்க நிறுத்திய இடமெல்லாம் சிறுவர் சூழ்ந்துகொண்டு விலை கேட்டனர். சொல்ல வெட்கமாயினும், அது நமக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

சத்ரூவைத் தாண்டியபோது பிற்பகல் இரண்டு மணி. இங்கேதான் நாம் அறியாதிருந்த உண்மை ஒன்று உண்டு. அவ்வோடைகளுக்கு நீர் தருவது மேலேயுள்ள பனி. இரவிற் பனி உறைந்து கிடப்பதால் காலையில் நீர் கணுக்காலளவே இருக்கும். வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் அதே ஓடை முழங்காலைத் தொடும். நாம் கண்டது பிற்பகல் ஓடையை. நடுவிலே ஒரு கல்லில் முன்சில்லு வழுகியது. வண்டி இடப்பக்கம் சரிந்தது. பின்னால் இருந்த மைத்துனரின் கணுக்கால், பக்கத்துப் பெட்டியின் கீழ் அகப்பட்டுக்கொண்டது.

தூக்க முயன்றோம், வண்டி அசையவில்லை. நீர் பனிக்கட்டி போற் குளிர்ந்தது. அந்த உயரத்தில் நான்கு அடி நடந்தாலே மூச்சு வாங்கும்; 250 கிலோவை நிமிர்த்துவது எங்ஙனம்? அவர் முகம் வெளிறுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தச் சில நிமிடங்களை இன்று நினைத்தாலும் நெஞ்சு பதறுகின்றது. நல்லூழாக, வீதி வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர் நால்வர் ஓடிவந்து வண்டியைத் தூக்கினர். எலும்பு முறியவில்லை; ஆனால் கால் பூசணிக்காய் போல வீங்கிவிட்டது.

ஊர்ந்து ஊர்ந்து பாதலை அடைந்து, கூடாரக் கடையொன்றில் இரவைக் கழித்தோம். குன்ஜும் கணவாய்க்கு ஏறும் பாதை எதிரே தெரிந்தது. விடிந்ததும் மைத்துனர், “அத்தான், இன்னொருக்கால் விழுந்தால் என்னால் ஏலாது. திரும்புவம்” என்றார். திரும்பினோம்.

வீடு வந்தபின் அவருடைய தமக்கையாராகிய எம் மனைவியார் நெடுநாள் ஒன்றும் பேசவில்லை. பின்னொருநாள், “தம்பியைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் போறதெண்டால், விழுந்தால் ஒராளாய்த் தூக்கக்கூடிய வண்டியிலை போங்கோ” என்றார். நாம் வாசித்த சஞ்சிகைகள் எல்லாம் குதிரைவலுவையும் எண்ணெய்த் தொட்டியின் கொள்ளளவையும் ஒப்பிட்டனவேயன்றி, இப்படி ஓர் அளவுகோலைச் சொல்லவில்லை.

இது நமக்கு மட்டும் வந்த அனுபவமுமன்று. 2004இல் இவான் மக்கிரெகர் என்னும் நடிகரும் அவருடைய நண்பரும் இலண்டனிலிருந்து நியூயோர்க்கிற்குப் பெரிய வண்டிகளிற் சென்றனர். மொங்கோலியாவில் அவர்களுடன் சென்ற படப்பிடிப்பாளரின் வண்டிச் சட்டம் முறிந்துபோகவே, அவர் அங்கேயே சிறிய ரஷ்ய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிப் பயணத்தைத் தொடர்ந்தார்.

2024 யூலையில் மறுபடியும் புறப்பட்டோம். இம்முறை டில்லியிலிருந்து மனாலிக்கு இரவு பஸ்ஸிற் சென்றோம். அங்கே 200 சி.சி. வண்டிகள் இரண்டை ஆளுக்கொன்றாக வாடகைக்கு எடுத்தோம். ஒவ்வொன்றும் சுமார் 158 கிலோ. வலு 18 குதிரைவலு அளவே. பெட்டிகளை விட்டுவிட்டு, ஆளுக்கு 15 கிலோவுக்குள் அடங்கும் துணிப்பைகளைக் கட்டினோம். முன்னர் வண்டியும் நாமிருவரும் பொதிகளுமாக 430 கிலோ. இப்போது வண்டி, ஆள், பொதி மூன்றும் சேர்ந்தே 245 கிலோவைத் தாண்டவில்லை. பெரிய வண்டியின் வெறும் எடையினும் இது குறைவு!

சிறிய வண்டியில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆசனம் கடினமானது. நல்ல பாதையில் வேகமாகச் சென்றால் கைப்பிடி அதிர்ந்து விரல்கள் மரத்துப் போகின்றன. இருவர் ஏறி நெடுந்தூரம் செல்ல அது உதவாது. டில்லியிலிருந்தே ஓட்டிச் செல்வதானால் பெரியதே சுகம். ஆனால் கிராம்புவுக்கு அப்பால் சுகம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

விடியற்காலை நான்கரை மணிக்குப் புறப்பட்டோம். முன்பு விழுந்த ஓடையை ஏழரை மணிக்கே அடைந்தோம். நீர் தாழ்ந்திருந்தது. நாம் கால்களை இருபுறமும் ஊன்றி ஊன்றிக் கடந்துவிட்டோம். மைத்துனர் மறுகரையை எட்டும் தறுவாயில் விழுந்தார்! நமக்கு மூச்சு நின்றது. ஓடிச்செல்வதற்குள் அவர் எழுந்து, வண்டியைத் தாமே நிமிர்த்தி, “ஒண்டுமில்லை அத்தான்” என்று சிரித்தார். நனைந்த காலுறையைப் பிழிந்துவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தோம்.

குன்ஜும் ஏற்றத்தில் வண்டிகள் மிகவும் திணறின. 4,551 மீற்றர் உயரமுள்ள அக்கணவாயில் காற்றமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதிற் பாதிக்குச் சற்று மேல்தான். மனிதனுக்குப் போலவே எஞ்சினுக்கும் அங்கே மூச்சுப் போதாது. முதலாம் கியரிலேயே வளைவு வளைவாக ஏறினோம். உச்சியிலே கொடித் தோரணங்கள் காற்றிற் படபடக்க, குன்ஜும் மாதாவின் சிறு கோயில் நிற்கின்றது. வழிப்போக்கர் அதனை வலம்வந்தே அப்பாற் செல்வது வழக்கம். நாமும் வலம்வந்தோம். மைத்துனர் சற்று அதிக நேரம் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

அப்பால் இறங்கினால் ஸ்பீதி. மண் மலைகள் செம்மை, சாம்பல், ஊதா எனப் பல நிறம் காட்டுகின்றன. இடையிடையே பட்டாணியும் வாற்கோதுமையும் விளையும் சிறு பச்சைத் துண்டுகள். மாலையிற் காஜாவை அடைந்தோம். மனாலியில் நிரப்பிய 13 லீற்றர் பெற்றோலில் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தது. மறுநாள் பின்சில்லில் ஆணி ஏறியபோது, ரயர் ஒட்டும் கடைக்காரர் அரைமணியில் வேலையை முடித்தார். தம் தம்பியிடமும் இதுபோன்ற வண்டியே உண்டு என்று கூறி, தேநீரும் தந்தார். இம்முறை எவரும் விலை கேட்கவில்லை. எங்கிருந்து வருகின்றீர்கள் என்றே கேட்டனர்.

குன்றின்மேல் அடுக்கடுக்காய் அமைந்த கீ மடாலயத்தைத் தரிசித்தபின், சுமார் 4,400 மீற்றர் உயரத்திலுள்ள ஹிக்கிம் கிராமத்துக்கு ஏறினோம். அங்கே 1983 முதல் ஒரு தபால் நிலையம் இயங்கி வருகின்றது. உலகின் மிக உயரமான தபால் நிலையங்களுள் அதுவும் ஒன்று. கல்மேல் அமர்ந்து வீட்டுக்கு ஒரு தபாலட்டை எழுதினோம். நாம் சுகம் விசாரித்து முடித்ததும் மைத்துனர் பேனாவை வாங்கி, மீதியிருந்த மூலையில் ஒரு வரி சேர்த்தார்: “அக்கா, ஒருமுறை விழுந்தேன். நானே தூக்கினேன்.”

அட்டை வீடு வந்து சேரச் சில வாரங்கள் ஆயின. எம் மனைவியார் அதனைச் சுவாமிப் படத்தருகே வைத்திருக்கின்றார்.