யந்திரக் கை

ரோபோ என்ற சொல் செக் நாடகாசிரியர் காரல் சாபெக் 1920ல் எழுதிய நாடகத்திலிருந்து வந்தது. நிலப்பிரபுவுக்குக் கூலியில்லாமல் செய்கிற கட்டாய உழைப்பு என்பது மூலச் சொல்லின் அர்த்தம். நம் கல்வெட்டுகளில் வருகிற 'வெட்டி' ஏறக்குறைய இதுதான். நுரையீரல் ஆபரேஷனுக்கு வந்திருக்கும் யந்திரத்துக்குப் பெயர் பொருத்தம். தானாக அது ஒன்றும் செய்வதில்லை. டாக்டர் சில அடிகள் தள்ளி உட்கார்ந்து, முப்பரிமாணப் படத்தில் கண்ணைப் புதைத்துக்கொண்டு விரல்களை அசைக்கிறார். விலா எலும்புகளுக்கிடையே சிறு துளைகள் வழியே நுழைந்திருக்கும் கருவிகள் அதையே இன்னும் சிறிய அளவில், கைநடுக்கத்தை வடிகட்டிச் செய்கின்றன. 'ரோபோ ஆபரேஷன் செய்தது' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. பேனா கவிதை எழுதியது என்பதைப்போல.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் க்ஷயத்துக்காக என் தாத்தாவின் விலா எலும்புகள் சிலவற்றை எடுத்துவிட்டார்கள். மார்புச் சுவர் உள்ளே சரிந்து, புண்பட்ட நுரையீரலை அமுக்கி ஓய்வு கொடுக்கும் என்பது அக்கால வைத்தியம். அவர் சட்டையில்லாமல் இருந்து நான் பார்த்தது இரண்டொரு முறைதான். 1928ல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் (இன்று பலருக்கு அது ரயில் நிலையத்தின் பெயர்) காற்றையும் வெயிலையும் நம்பி எழுந்தது. மருந்து தின்றுகொண்டு வீட்டிலிருந்தாலும் குணமாகும் என்று 1956ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி காட்டிற்று. தாத்தாவுக்கு அது சில வருஷம் தாமதம்.

இப்போது கோவிலம்பாக்கம் வீட்டில் அம்மாவின் ஸ்கேன். வலது நுரையீரலின் மேல் மடலில் ஒரு கட்டி. ரோபோ மூலம் எடுக்கலாம் என்கிறார்கள்.

வங்கியில் நோட்டு எண்ணும் மிஷின் இருந்தும், சந்தேக நோட்டை எங்கள் மூத்த காஷியர் விரலால் தடவித்தான் தீர்மானிக்கிறார். மார்பைத் திறந்து செய்த நாட்களில் டாக்டர்களும் காற்றிறங்கிய நுரையீரலை விரல்களுக்கிடையே பிடித்து, கண்ணுக்குப் படாத முடிச்சுகளைக் கண்டிருக்கிறார்கள். யந்திரக் கைக்கு வெகுகாலம் இந்த ஸ்பரிசம் இல்லை. திசு எவ்வளவு இழுபடுகிறது என்பதைக் கண்ணால்தான் ஊகிக்க வேண்டும். 2024ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாதிரியில் விசையை உணர்கிற வசதி சேர்ந்திருக்கிறது. அம்மாவுக்குக் கிடைக்கப்போவது அது அல்ல. வலி குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம் என்கிற லாபத்தில் பெரும்பங்கை வீடியோ காமிராவும் சாதாரணக் கருவிகளுமே முன்பே தந்துவிட்டன என்பது என் எண்ணம். மிச்ச லாபத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதுதான் கேள்வி. ரோபோ சிகிச்சையை இன்ஷூரன்ஸ் ஒதுக்கக்கூடாது என்று 2019ல் விதி வந்தது. உச்சவரம்பு வைத்துக்கொள்ளவும் அதே விதி இடம் கொடுத்தது. சட்டசபைக்கென்று கட்டி ஆஸ்பத்திரியான ஓமந்தூரார் வளாகத்தில் 2022ல் அரசு ஏறக்குறைய 35 கோடியில் ரோபோ மையம் திறந்தது. பில்லைப் பார்த்து அஞ்சுகிற என் போன்றவனுக்கு அது சின்ன விஷயமில்லை.

"மிஷின் நின்னு போச்சுன்னா என்னடா பண்ணுவாங்க?" என்று அம்மா கேட்டாள். டாக்டரிடம் கேட்டேன். ரத்தக் குழாய் கிழிந்தாலும் சரி, யந்திரம் நின்றாலும் சரி, கருவிகளை வெளியே எடுத்து மார்பைத் திறந்துவிடுவோம் என்றார். அதற்காகக் கட்டிலருகே ஒரு டாக்டர் தயாராக நிற்பாராம். என்னைவிட இளையவர் அவர். திறந்து செய்தவை எத்தனை இருக்கும் என்றேன். பயிற்சிக் காலத்தில் கொஞ்சம், இப்போதெல்லாம் குறைவு என்றார், ஒளிக்காமல்.

அடுத்த வாரம் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். எந்த முறை என்ற கட்டத்தில் அம்மா இன்னும் கையெழுத்துப் போடவில்லை.