சுமைகூலி முக்கால் பணம்



எஸ்டிமேட்டிங் பாடத்தை நாமெல்லாம் பாஸ் மார்க்குக்காகத்தான் படிக்கிறோம். எனக்கு மட்டும் இந்த வருடம் அந்தப் பாடம் ஒரு பழைய ராணுவ லாரி உருவத்தில் வீடு தேடி வந்தது.

என் தாய்மாமா காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் வெல்டர். இருபது வருடமாக அடுத்தவர் பட்டறையில்தான் வேலை. நடுரோட்டில் நின்றுபோகும் லாரிகளை இழுக்க சொந்தமாக ஒரு ரெக்கவரி வண்டி போட வேண்டும் என்பது அவர் கனவு. ஒரு புரோக்கர் காட்டியது பழைய 'சக்திமான்' லாரி. விலை 2,80,000 ரூபாய். மாமா கையில் இருப்பது இரண்டரை லட்சம். மீதிக்கு அம்மாவின் நகையை அடகு வைக்கலாம் என்று பேச்சு. நான் டிப்ளமோ முடித்து பி.இ. சேருவதற்காக அம்மா எடுத்து வைத்திருக்கும் நகை அது. எங்கள் வம்சத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான்.

"நீதான் படிச்சவனாச்சே மாப்ள, மொத்தம் எவ்ளோ ஆவும்னு எழுதிக் குடு" என்றார் மாமா.

சக்திமான் லேசுப்பட்ட வண்டி இல்லை. ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, 1959-ல் ஜபல்பூரில் நம் ராணுவத்துக்காகக் கட்டத் தொடங்கியது. 1965, 1971 யுத்தங்களில் வீரர்களையும் குண்டுகளையும் சுமந்தது. டிரான்ஸ்பர் கேஸ் மூலம் முன் சக்கரங்களுக்கும் இழுவை போவதால் சேற்றிலும் மணலிலும் ஏறி வரும். மாமா சேசிஸைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, "இந்த மாதிரி இரும்பு இப்போ எவன் போடறான்?" என்றார். அது உண்மைதான். ஆனால் 1990-களிலேயே உற்பத்தி நின்றுவிட்டது. இப்போது ஒரு கியர் உடைந்தால் புதுப்பேட்டையில் தேடணும். அங்கே இல்லையென்றால் டெல்லி மாயாபுரிக்கு ஆள் அனுப்பணும். அதுவும் இல்லையென்றால் நம்ம பேட்டையில் லேத்தில் கொடுத்துக் கடைந்து எடுக்கணும்.

பட்டறை பட்டறையாக விசாரித்து எழுதிய என் கணக்கு இது:

காக்களூர் வரை இழுத்து வர – 15,000
இன்ஜின் வேலை (லைனர், பிஸ்டன், பேரிங், பம்ப், நாசில்) – 1,40,000
டயர், டியூப், பாட்டரி – 1,50,000
பிரேக், கிளட்ச், ஸ்டியரிங், டிரான்ஸ்பர் கேஸ் – 75,000
டிங்கரிங், வயரிங், பெயிண்ட் – 90,000

ஆக, வண்டி 2,80,000. அதை ரோட்டில் ஏற்ற 4,70,000. மொத்தம் ஏழரை லட்சம்! கிரேன் மாட்டுவதும் இன்சூரன்சும் இதில் சேரவில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பாட்டி சொல்லும் பழமொழிக்கு அன்றுதான் எனக்கு அர்த்தம் புரிந்தது.

பெயிண்டிலும் ஒரு சட்டம் இருக்கிறது. ராணுவத்தின் ஆலிவ் பச்சை நிறத்தை வேறு எந்த வண்டிக்கும் அடிக்கக் கூடாது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 121. ஆசைப்பட்டு வாங்கினாலும் அந்தப் பச்சையைச் சுரண்டத்தான் வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு காகிதத்தில் இருந்தது. ராணுவ வண்டியை ராணுவமே தனியாகப் பதிவு செய்துகொள்ளும். அம்புக்குறி போட்ட நம்பர் அதனால்தான். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 60-வது பிரிவின்படி, ராணுவ உபயோகம் முடிந்ததும் மற்ற வண்டிகளைப் போல ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவு செய்தே தீரணும். அதற்கு ஏலத்தில் எடுத்த ஒரிஜினல் பேப்பர் வேணும். ஏலத்திலோ 'உள்ளது உள்ளபடி' என்பதுதான் நிபந்தனை. இரும்புக் கழிவாக விற்ற வண்டி என்றால் அதை எடை போட்டு உடைக்க மட்டுந்தான் முடியும். கும்மிடிப்பூண்டி உருக்காலை உலைதான் அதற்குக் கடைசி ஸ்டாப்பிங்.

'விண்டேஜ்' பதிவு செய்யலாமே என்றான் என் வகுப்பு நண்பன். அந்த விதி 2021-ல் வந்தது. வண்டிக்கு 50 வயது தாண்டியிருக்கணும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். வாடகைக்கு ஓட்டவே கூடாது. பணக்காரர் ஷோவுக்கு அது சரி, மாமா பிழைப்புக்கு ஆகுமா?

எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, கடைசி வரியில் 'பேப்பர் இல்லாமல் அட்வான்ஸ் வேண்டாம்' என்று சிவப்பு மையில் போட்டுக் கொடுத்தேன். மாமா முகம் வாடிப்போனது. ஆனாலும் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புரோக்கரிடம் போனார். "பேப்பரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்ணே, முதல்ல வண்டிய எடுங்க" என்றாராம் அவர். மாமா ஒன்றும் பேசாமல் திரும்பி வந்துவிட்டார்.

இரண்டு நாள் மாமா என்னோடு பேசவில்லை. எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அவர் வெல்டிங் பொறியில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு கட்டிய ஃபீஸில்தானே நான் முதல் வருடம் படித்தேன்? மூன்றாம் நாள் ராத்திரி, கை கழுவிக்கொண்டே கேட்டார்: "பேப்பரோட வேற வண்டி வந்தா, அதுக்கும் இந்த மாதிரி எழுதித் தருவியாடா?"

"தரேன் மாமா" என்றேன். அம்மா நகை இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் நாம்தான் முதல் படிப்பாளி. நாளைக்கு உங்களிடமும் ஒரு மாமா, ஒரு அப்பா கணக்கு கேட்பார். விலையை மட்டும் எழுதாதீர்கள். வாங்கிய பிறகு ஆகும் செலவை எழுதுங்கள், பேப்பரைக் கேளுங்கள். மனசு கஷ்டப்படுமே என்று ஒரு வரியைக்கூட விட்டுவிடாதீர்கள். அவர்கள் நம்மை நம்பித்தான் கேட்கிறார்கள்.

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்