முதல் ராக் கிராலர் எதை வாங்குவது?

ரிமோட் கார் என்றாலே நம்ம ஆட்களுக்கு வேகம்தான் ஞாபகம் வரும். நான் வாங்கப் போவது வேகமாக நடக்கிற ஆளைக்கூட முந்தாது என்று சொன்னதும் அறைத்தோழன் பார்த்தானே ஒரு பார்வை! :-)

ராக் கிராலர் என்பது கல், பாறை, மரவேர் மேலே ஊர்ந்து ஏறுவதற்கென்றே செய்த வண்டி. வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர், மெத்தென்ற டயர், நான்கு சக்கரத்துக்கும் இழுவை. முக்கியமாக டிஃபரன்ஷியல் லாக் ஆகியிருக்க வேண்டும். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் சக்தியெல்லாம் அதற்கே போய், அது மட்டும் வெட்டியாகச் சுற்றும். லாக் ஆகியிருந்தால் தரையில் இருக்கும் சக்கரமும் சேர்ந்து சுற்றும், வண்டி ஏறிவிடும்.

கையில் இருப்பது ஐந்து மாதம் கணக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு. "அதுக்கு ஒரு நல்ல சைக்கிள் வாங்கலாமேடா" என்கிறார் அப்பா. நியாயமான பேச்சுதான். அதனால்தான் இத்தனை யோசனை.

பெரிய வண்டி என்றால் 1/10 அளவு. 2017ல் வந்த டிராக்சாஸ் டிஆர்எக்ஸ்-4 அந்த ரகம். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் விலையை விடுங்கள், அது ஏறுவதற்குப் பாறைக்கு எங்கே போவது? 1/24 அளவு ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்24க்கு அந்தக் கவலை இல்லை. ஏழரை சென்டிமீட்டர் செங்கல்லை 24ஆல் பெருக்கிப் பாருங்கள், 180 சென்டிமீட்டர். ஆளுயரப் பாறை! கொல்லையில் கிடக்கும் பத்து செங்கல்லே ஒரு மலைத்தொடர். மழை பெய்தால் தலையணையும் போர்வையும் போதும்.

நடுவில் 2022ல் வந்த டிஆர்எக்ஸ்-4எம் இருக்கிறது. 1/18 அளவு. கொஞ்சம் பெரிது என்பதால் சின்னது தடுக்கி நிற்கும் இடத்தை இது சுலபமாகத் தாண்டும். காசு கூட. இரண்டு நாள் என் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான்.

கடைகளில் "ராக் கிராலர்" என்று பெட்டியில் போட்டு மலிவாக விற்பவை பல வெறும் பொம்மைகள். ஒரே ஒரு சோதனை: டிரிகரைப் பாதி அழுத்தினால் பாதி வேகம் வர வேண்டும். முழு வேகம் அல்லது நிறுத்தம் என்று இரண்டே நிலை இருந்தால் பாறை ஏறவே முடியாது. உடைந்த கியர் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். கடைக்காரர் சிரித்தால் நடையைக் கட்டிவிடலாம்.

வெளிநாட்டு விலையை ரூபாய்க்கு மாற்றி மனக்கோட்டை கட்டாதீர்கள். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 2020ல் 60 ஆகி, 2023ல் 70 ஆனது.

கடைசியில் என் ஓட்டு எஸ்சிஎக்ஸ்24க்கே. மிச்சப் பணத்தில் கூடுதலாக ஒரு லிபோ பேட்டரி வாங்கலாம். அப்புறம் முன்பக்கம் தாழ்வாக மாட்ட கொஞ்சம் பித்தளை எடை. சின்ன வண்டி செங்குத்தில் ஏறும்போது பின்னால் மல்லாந்து விழாமல் இருப்பதற்கு அதுதான் மருந்து. லிபோவை ஒரு செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கினால் கெட்டுவிடும், முழு சார்ஜில் வாரக்கணக்கில் போட்டு வைப்பதும் ஆகாது.

அப்பாவிடம் இன்னும் விலையைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று இருக்கிறேன், சாப்பாட்டுக்கு அப்புறம்.