ட்ரிப் ஆனா நல்லது

போன வாரம் நெமிலி போயிருந்தேன். (2019-லயே ராணிப்பேட்டை மாவட்டம் ஆயிடுச்சு. நம்ம வாயில இன்னமும் வேலூர்தான் வருது!) வீட்டுல பழைய பீங்கான் ஃபியூஸ் கட்டையை எடுத்துட்டு எம்சிபி பாக்ஸ் மாட்டுற வேலை. எடுபிடி, அடியேன்.

எலெக்ட்ரீஷியன் அண்ணன் மெயினை அமத்தி, டெஸ்டர் வெச்சுப் பாத்துட்டு, கட்டையை உருவினார். உள்ளே ஃபியூஸ் கம்பிக்குப் பதிலா தடியா செப்புக் கம்பி.

"யாருப்பா இத்த போட்டது? ஒயர் எரிஞ்சாலும் இது போவாது."

காலேஜ் படிக்கறப்ப, அடிக்கடி ஃபியூஸ் போகுதேன்னு நான் போட்டது. வாயைத் திறக்கலை. இத்தனை வருஷமா அம்மா அதுக்குக் கீழதான் படுத்துத் தூங்கினாங்க...

பாக்ஸ் ஓட்டையில ஒயரை அப்படியே நுழைக்கப் போனேன். கையைப் பிடிச்சுட்டார். "ரப்பர் புஷ் போடு. தகர விளிம்பு ஒயர் தோலை அறுத்துடும், அப்புறம் பாக்ஸே ஷாக் அடிக்கும்."

சமையலறை பிளக்குக்கு 2.5 ஸ்கொயர் ஒயர், 16 ஆம்ப் எம்சிபி. அது ஒயரைக் காப்பாத்த. ஆளைக் காப்பாத்த 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி. ஸ்க்ரூ முடுக்கினதும் ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பாக்கச் சொன்னார். லூஸா இருந்தா சூடாகுமாம்.

"இதுவும் அடிக்கடி போவுமாடா?"ன்னாங்க அம்மா.

"போனா நல்லதும்மா. எனக்கு போன் பண்ணு."