ரெய்ம்ஸ், இடைக்காட்டூர், அப்புறம் எங்க லைன் கோயில்

எங்க வெள்ளக்கடை பக்கம் ஒரு எஸ்டேட் லைனை ஒட்டி சின்னதா ஒரு ஓட்டுக் கோயில் இருக்கு. முழங்கை நீளத்துக்குத் தடிச்ச சுவர், துண்டு ஜன்னல், அரைவட்ட வாசல் வளைவு. சுண்ணாம்புப் பூச்சு அங்கங்க உதிருது. அதைக் கொத்திட்டு சிமெண்ட் பூசலாம்னு பெரியவங்க பேசிட்டு இருக்காங்க. "ரெண்டு வாரத்துல பளபளன்னு ஆயிரும்டா"ங்கறார் மாமா.

இந்த அரைவட்ட வளைவு இருக்கே, அது ஐரோப்பாவுல 11, 12-ம் நூற்றாண்டு கிராமத்துக் கோயில்களோட அடையாளம். ரோமனெஸ்க்னு சொல்றாங்க. ஒரு முளையும் கயிறும் இருந்தா தரையிலேயே வளைவைப் போட்டுக்கலாம். ஆனா கல் கூரையோட கனம் சுவரை வெளிப்பக்கமா தள்ளும். அதனால சுவர் தடிமன், ஜன்னல் சின்னது. எங்க கொத்தனாருக்கு இந்தப் பேரெல்லாம் தெரிஞ்சிருக்காது. கையில இருந்த சாமானை வச்சு அதே முடிவுக்கு வந்திருக்கார், அவ்ளோதான் :-)

வளைவைக் கூராக்கி, சுவருக்கு வெளியே முட்டுக் குடுத்து, ஜன்னலைப் பெரிசாக்குனது அடுத்து வந்த கோதிக். 1211-ல் ஆரம்பிச்ச பிரான்ஸ் ரெய்ம்ஸ் கதீட்ரல் அதுக்குப் பேர் போனது. அதைப் பாத்துக் கட்டுனது நம்ம சிவகங்கை மாவட்டத்து இடைக்காட்டூர்ல இருக்கு. போன கோடையில அம்மாவோட நேர்த்திக்காகப் போனோம். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ரோட்ல போய் முத்தனேந்தல்கிட்ட திரும்பணும். சுத்தி வயல், கருவேலம். நடுவுல இது!

1894-ல் ஃபெர்டினாண்ட் செல்ங்கற பிரெஞ்சு பாதிரியார் கட்டுனது. ரெய்ம்ஸ்ல கல்லுல செதுக்குனதை இங்க செங்கல்லும் சுண்ணாம்பும் வச்சே பண்ணிட்டாங்க. 153 வகை அச்சு, சுமார் 200 வகை செங்கல்லும் ஓடும்னு சொல்றாங்க. செதுக்க வேண்டிய வேலையை சூளையிலேயே முடிச்சிருக்காங்க பாருங்க! வெளியே கொளுத்துற வெயில்ல இருந்து உள்ள நுழைஞ்சதும் அம்மா, "யப்பா, குளுகுளுன்னு இருக்குடா"ன்னாங்க.

ஊருக்கு வந்து மாமாகிட்ட இதைத்தான் சொன்னேன். சுண்ணாம்பு மூச்சு விடும். சுவர் குடிச்ச ஈரத்தை வெளிய விட்டுரும். பழைய செங்கல் மேல சிமெண்ட் பூசினா ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, கடைசியில செங்கல் முகத்தோட சேந்து பேந்து வரும். ரெண்டு பருவமழையும் பனியும் இருக்குற மலையில இது சீக்கிரமே நடக்கும்.

மாமா லேசுப்பட்டவர் இல்ல. நெட்ல தேடிட்டு வந்துட்டார். "ரெய்ம்ஸ்லயே கான்கிரீட் போட்டிருக்கான்டா!" உண்மைதான். 1914-ல் ஜெர்மன் குண்டுவீச்சுல அதோட மரக்கூரை எரிஞ்சு போச்சு. (அப்ப இடைக்காட்டூர் கோயிலுக்கு 20 வயசு.) ஹென்றி டெனோங்கற கட்டடக் கலைஞர், ராக்ஃபெல்லர் பணமும் சேந்து, சின்னச் சின்ன கான்கிரீட் துண்டுகளைக் கோத்து கூரைச் சட்டத்தை மறுபடி எழுப்பினார். வேலை முடிஞ்சு 1938-ல் திறந்தாங்க. ஆனா அது கூரைக்கு அடியில மறைஞ்சு நிக்குற சட்டம், சுவர்ல பூசுனது இல்ல. கூரைச் சட்டம் மாத்தணும்னா தாராளமா மாத்துங்க மாமா, சுவரை விட்டுருங்கன்னேன்.

அவர் கேட்ட அடுத்த கேள்விதான் நியாயமானது. "சுண்ணாம்பு வேலைக்கு ஆள் எங்கடா?" செட்டிநாட்டுப் பக்கம் இன்னும் சிலர் செய்யறாங்க, கூலி ஜாஸ்தி. மெதுவா காயணும், அடுக்கடுக்கா பூசணும், நாள் பிடிக்கும். லைன்ல இருக்கறவங்க கூலியில மிச்சம் பிடிச்ச காசு இது, தப்பாப் போனா யார் பொறுப்பு?

இப்போதைக்கு ஒத்துக்கிட்டது இதுதான்: பின் சுவர் மட்டும், தை, மாசி காய்ச்சல்ல, சுண்ணாம்புல. ஒரு மழைக்காலம் தாங்குதான்னு பாத்துட்டு மத்ததை முடிவு பண்ணலாம். அதுவரைக்கும் சிமெண்ட் மூட்டை வாங்கறதில்ல. கலவையில சேக்க கடுக்காய் எங்க மலையிலேயே கிடைக்கும், வெல்லம் சந்தையில. சுண்ணாம்புக்கல் சூளை சங்ககிரிப் பக்கம் யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க மக்களே.