தாத்தாவின் காரும் காயலான் கடையும்

எங்கள் வீட்டில் 1977-ஆம் ஆண்டு அம்பாசடர் கார் ஒன்று இருக்கிறது. தாத்தா வாங்கியது. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் செய்யப்பட்டு வந்த இவ்வகைக் கார்கள் 2014-ஆம் ஆண்டோடு நின்றுபோயின. அது ஓடுவதைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. நிற்பதைப் பற்றித்தான் கவலை!

பிரேக்கை மிதித்தால், மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயில் குழாய்கள் வழியே சென்று சக்கரங்களில் அழுத்துகிறது. இயற்பியல் வகுப்பில் படிக்கிறோமே, பாஸ்கல் விதி, அதுதான்! (அந்தப் பாஸ்கல் இறைவனைப் பற்றியும் ஆழ்ந்து எழுதியவர் என்பதைத் தோழியர் அறிவீர்கள்.) எங்கள் காரிலோ நான்கு சக்கரங்களுக்கும் ஒரே இணைப்பு. எங்கேனும் ஓர் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் நான்கும் போயிற்று. பாட்டியைப் பூசைக்கு அழைத்துச் செல்லும் வண்டி அல்லவா?

கோடை விடுமுறையில் அப்பா குழாய்களைக் கழற்ற, நான் உடன் நின்றேன். வெளியே நன்றாகத் தெரிந்த ஒரு குழாயை அறுத்துப் பார்த்தால் உள்ளே துரு! பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. 'டாட் 3' வகைப் புது ஆயில் 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 140 டிகிரிதான். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறி ஆயில் ஆவியானால் மிதி பஞ்சுபோல் அமுங்கிவிடும்.

ஆகவே புதுப்பேட்டைக்குப் புறப்பட்டோம். பழைய வண்டிச் சாமான்கள் குவிந்து கிடக்கும் அந்தத் தெருக்களில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்று அத்தை கேட்டார். அப்பா பதில் பேசாமல் டார்ச் விளக்கை என்னிடம் கொடுத்தார். பிற்காலத்து அம்பாசடரிலிருந்து கழற்றிய இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் ஒன்று கிடைத்தது. முன் சக்கரங்களுக்கு ஓர் அறை, பின் சக்கரங்களுக்கு மற்றோர் அறை. முதலில் காட்டிய சிலிண்டரின் உட்சுவரில் ஒரு கீறல். கீறல் இருந்தால் புது ரப்பர் போட்டாலும் ஆயில் கசியும். மூன்றாவதைத்தான் எடுத்தோம்.

"ஹோஸும் இதிலேயே இருக்கு, எடுத்துக்குங்க சார், காசு மிச்சம்" என்றார் கடைக்காரர். அப்பா மறுத்துவிட்டார். இரும்பு உடம்பைக் கண்ணால் சோதிக்கலாம். ரப்பரின் வயதை யார் சொல்வது? எனவே சிலிண்டர், மூவழி இணைப்பு, கிளிப்புகள் மட்டும் பழையவை. ரப்பர் கிட், ஹோஸ், குழாய்கள் எல்லாம் புதியவை. செம்பும் நிக்கலும் கலந்த குழாய் துருப்பிடிக்காது. அதன் முனையை இரட்டையாக மடித்து விரிக்கும் வேலைக்கு மெக்கானிக் அண்ணன் ஒரு முழுப் பகல் எடுத்துக்கொண்டார். மிகப் பொறுமைசாலி!

பிறகு ஏர் எடுத்தோம். தூரத்திலுள்ள இடது பின் சக்கரத்தில் தொடங்கினோம். மிதியை அழுத்தும் பொறுப்பு என்னுடையது. குமிழி வருவது நின்றதும் சோதனை. முன் சக்கரங்களை ஜாக்கியால் தூக்கி, பின் சக்கரத்து நிப்பிளை வேண்டுமென்றே திறந்துவிட்டார் அண்ணன். நான் மிதித்தேன். மிதி திடுக்கென்று பாதி ஆழம் இறங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. பின்பு கெட்டியாக நின்றது. தம்பி முன் சக்கரத்தை இரு கைகளாலும் சுழற்றப் பார்த்தான். அசையவில்லை.

நிப்பிளை மூடி, சிந்திய ஆயிலைப் பெயிண்டில் படாமல் கழுவி, மறுபடியும் ஏர் எடுக்க உட்கார்ந்தோம்.